ஒன்றரை டிகிரியில் ஆணும் பெண்ணும்

மனிதக் கருவில் ஆணா பெண்ணா என்ற கணக்கு, விந்தணு முட்டைக்குள் நுழையும்போதே முடிந்துவிடுகிறது. அது எக்ஸ் குரோமோசோமைக் கொண்டுவந்தால் பெண், ஒய் கொண்டுவந்தால் ஆண். முதலைகளுக்குப் பாலினக் குரோமோசோமே கிடையாது. கருவுற்ற முட்டை மண்ணுக்குள் போன பிறகும் வாரக்கணக்கில் அந்தக் கேள்வி அப்படியே கிடக்கும். பதில் சொல்வது மணலின் சூடு. நம் சதுப்புநில முதலைக்கு அந்தச் சூடு எவ்வளவு என்று அளந்து சொன்ன ஆய்வு, மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் நடந்தது. பள்ளிச் சுற்றுலாவில் அங்குள்ள முதலைப் பண்ணைக்குப் போகாத பிள்ளைகள் இந்தப் பக்கம் குறைவு. அங்கே கருவியல் ஆய்வும் நடந்தது என்பதை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு முதலைகள் அருகிப்போயிருந்த காலத்தில், 1976இல், ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கிய பண்ணை அது. முதலைகளுக்குக் கடற்கரை மணல் பிடித்துப்போயிற்று. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெண் முதலை பின்னங்காலால் குழி தோண்டி இருபத்தைந்து, முப்பது முட்டைகள் இடும். சில முதலைகள் அதே பருவத்தில் சில வாரம் கழித்து இன்னொரு ஈடும் இட்டன. முதலை இனங்களில் இது அரிது. விட்டேக்கர் தம்பதியர் இதை 1984இல் ஆய்விதழில் பதிவு செய்தார்கள்.

இந்தப் பண்ணைக்குத்தான் ஜெஃப்ரி லாங் வந்து சேர்ந்தார். குளிர்காலத்தில் ஆறே உறைந்துபோகும் நார்த் டகோட்டாவின் பல்கலைக்கழக உயிரியலாளர். முதலை தன் உடல் சூட்டை எப்படிச் சமாளிக்கிறது என்பதே அவருடைய ஆர்வம். அவர் தேடிய விலங்குக்கும் வெயிலுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் ஆகியோருடன் சேர்ந்து அவர் செய்த வேலைகளில் ஒன்று 1986இல் வெளியானது: குஞ்சுகளைக் காப்பதில் தாயோடு தகப்பன் முதலையும் பங்கெடுக்கிறது என்பது அதன் செய்தி. இன்னொன்று 1989இல் வந்த பாலின ஆய்வு.

முதலை முட்டையைக் கையாள்வதற்குப் பொறுமை வேண்டும். இட்ட ஒரு நாளுக்குள் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகும். அதனால் எடுக்கும்போதே மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, அதே நிலையில் வைப்பார்கள். கரு ஒட்டிய இடத்தில் ஓடு வெண்மையாகி, அந்த வெண்மை பட்டையாக முட்டையைச் சுற்றிப் பரவும். பட்டை விழாத முட்டை பெரும்பாலும் கருவுறாதது. நுண்ணோக்கியே தேவையில்லை.

இப்படிச் சேகரித்த முட்டைகளை வெவ்வேறு நிலையான சூட்டில் பொரிக்கவைத்தார்கள். 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை வைத்தவை அத்தனையும் பெண். 32.5 டிகிரியில் வைத்தவை அத்தனையும் ஆண். இடைப்பட்ட சூட்டில் இரண்டும் கலந்து வந்தன. 33 டிகிரிக்குப் போனால் ஆண் இன்னும் கூடும் என்றுதானே நினைப்போம்? அங்கே மறுபடியும் பெண்கள் தலைகாட்டின. அதற்கு மேலே சூடேறினால் கருவுக்கே ஆபத்து. முழுக்கப் பெண்ணுக்கும் முழுக்க ஆணுக்கும் நடுவே ஒன்றரை டிகிரிதான் இடைவெளி. சித்திரை வெயிலில் ஒரு மேகம் மறைத்தால் மேல்மணலில் அதைவிட அதிகம் மாறும். ஆழத்தில் கிடக்கும் முட்டைக்கு அந்த ஆட்டம் தெரியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது.

சூடு எப்படிப் பாலினமாகிறது? அடைகாலத்தின் நடுப்பகுதியில்தான் கருவின் இனப்பெருக்கச் சுரப்பி சூட்டுக்குச் செவிசாய்க்கிறது. அப்போது அரோமாட்டேஸ் என்ற நொதி, ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றினால் சூலகம், மாற்றாவிட்டால் விரை. ஆண் பிறக்கவேண்டிய சூட்டில் இருக்கும் அமெரிக்க அலிகேட்டர் முட்டையின்மேல் ஈஸ்ட்ரோஜனைத் தடவினால் பெண் குஞ்சே வருகிறது. அலிகேட்டர் கருவில் சூட்டை உணரும் டிஆர்பிவி4 என்ற புரதத்துக்கு ஆண் பாதையில் பங்குண்டு என்று 2015இல் தெரியவந்தது. சூட்டை உணர்வதிலிருந்து நொதிவரை உள்ள சங்கிலியில் விடுபட்ட கண்ணிகள் இன்னும் உண்டு.

முதலைப் பண்ணையின் சுவருக்கு அப்பால் இருக்கும் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. அவற்றுக்கும் சூடுதான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது, ஆனால் விதி வேறு: சூடு ஏறினால் பெண், குறைந்தால் ஆண். நாயும் ஆளும் தொடாமல் முட்டைகளைக் காக்கும் பொரிப்பகத்தில், நிழலுக்குக் கீற்று போடுவதா வேண்டாமா என்பதுகூட எத்தனை ஆண், எத்தனை பெண் என்ற கேள்வியாகிவிடுகிறது. பூமி சூடேறும்போது ஆமைகளுக்காகக் கவலைப்படுகிறவர்களே அதிகம். முதலையின் கணக்கு இருபக்கமும் சாயக்கூடியது என்பதால் அதை ஊகிப்பது இன்னும் கடினம் என்பது என் எண்ணம்.

1975இல் மத்திய அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியபோது, முட்டைகளைச் சேகரித்துப் பொரித்து, குஞ்சுகளை வளர்த்து ஆறுகளில் விட்டார்கள். பொரிப்பகத்தை முப்பது டிகிரியில் பத்திரமாக வைத்திருந்தால் குஞ்சுகள் நன்றாகவே பிழைக்கும். அத்தனையும் பெண்ணாகவே இருக்கும் என்பது, வளர்ந்து குஞ்சு பொரிக்கவேண்டிய காலம் வரும்வரை யாருக்கும் தெரியாமலே போகலாம். இந்த ஆபத்தைக் காட்டியதுதான் 1989 ஆய்வின் பெரும்பயன். லாங் பிறகு வடக்கே போனார். 2007-08 குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால் முதலைகள் செத்து ஒதுங்கிய பின், அங்கே பிழைத்தவற்றின் உடலில் ரேடியோக் கருவி பொருத்தி, அவை எந்த மணல்திட்டைத் தேடி முட்டையிடப் போகின்றன என்று பின்தொடரும் ஆய்வில் இறங்கினார்.