கொரோனா நோயாளரும் பிறபொருளெதிரியும்

சின்னமுத்து ஒருமுறை கண்டவரை மறுமுறை அண்டாதென்பது யாழ்ப்பாணத்துப் பாட்டியர் அனைவரும் அறிந்ததே. மருத்துவ நூலும் அதனை மறுப்பதில்லை. கொரோனா நோயும் அவ்வாறே நிலையான காவலைத் தருமென 2020ஆம் ஆண்டிற் பலர் எண்ணினர். அவ்வாண்டு மார்ச் மாதத்திற் குடாநாட்டின் முதல் நோயாளி கண்டறியப்பட்டு, கொக்குவிலை அடுத்த தாவடிக் கிராமம் முடக்கப்பட்டபோது, அவ்வெண்ணம் ஓர் ஆறுதலாயும் இருந்திருக்கும். அது எத்துணை மெய் என்பதை இலங்கை நோயாளரின் குருதியே பின்னர்க் காட்டிற்று.

வைரசு உட்புகுந்ததும் நிணநீர்க்குழியங்கள் சில அதனை இனங்கண்டு பெருகிப் பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்களைச் சுரக்கின்றன. இவையெல்லாம் ஒரே தொழில் புரிவனவல்ல. கொரோனா வைரசு தன் மேற்பரப்பிலுள்ள முட்புரதத்தாற் கலத்தைப் பற்றியே உட்செல்லும். அப்பிடியைத் தடுப்பனவே நடுநிலையாக்கும் பிறபொருளெதிரிகள்.

ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை நீலிகா மாளவிகே, சந்திம ஜீவந்தர முதலியோர் இவற்றையே நோயாளரிடம் அளந்து, 2021இல் முடிபுகளை வெளியிட்டனர். நோய் கடுமையாயிருந்தோரிடம் இவை விரைவிலும் மிகுதியாயும் தோன்றின; இலேசாக நோயுற்றோரிடம் தாமதித்துக் குறைவாகவே தோன்றின. நெடுநாள் வைரசை வெளியேற்றியோரிடமும் இவை மிகுந்தேயிருந்தன. காவல் மிகுந்தவர் எளிதிற் பிழைப்பர் என்றன்றோ நாம் எதிர்பார்ப்போம்! வைரசு மிகுதியாக நின்று தூண்டியமையே இதற்குக் காரணமாகலாம். படைப்பெருக்கம் போரின் கடுமையைக் காட்டுமேயன்றி வெற்றியைக் காட்டாது. சுவாசப்பையில் அழற்சி முற்றியபின் வரும் படையால் ஆவது சிறிதே.

மற்றொரு முடிபு இதனினும் கருதத்தக்கது. நான்கு வார முடிவில் நூற்றுக்கு 89 பேரிடம் இருந்த இவை, நோய் தொடங்கித் தொண்ணூறு நாள் கடந்த 76 பேருள் 38 பேரிடம் சோதனைக்கு அகப்படவில்லை. குருதிச் சோதனைத் தாளொன்றை நம்பி முகக்கவசத்தைக் களைந்தவர் இதனை அறிந்திருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

ஆயினும், அகப்படாமை காவலின்மை ஆகாது. பிறபொருளெதிரியைச் சுரக்கும் கலங்களுட் பெரும்பாலன விரைவில் மடிவன. சிலவே என்புமச்சையில் நெடிது வாழ்வன. பகையை நினைவிற் கொண்ட ஞாபகக் கலங்களோ நிணநீர்க்கணுக்களிலும் பிறவிடங்களிலும் தங்குகின்றன. தொற்றை முற்றாகத் தடுக்க இயலாதவிடத்தும் இவை நோய் கடுமையாகாது காப்பன. சின்னமுத்து வைரசின் மேற்பரப்புப் புரதங்கள் பெரிதும் மாறுவதில்லை. 2021இன் இறுதியில் வெளிப்பட்ட ஒமிக்ரோனின் முட்புரதத்திலோ முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. முன்னர் நோயுற்றோர் மீண்டும் நோயுற்றமைக்கு இதுவும் காரணமாம்.

ஞாபகக் கலங்கள் உளவென்பது தடுப்பூசியாற் புலனாயிற்று. இலங்கையில் 2021 சனவரி 29ஆந் திகதி ஊசியேற்றல் தொடங்கிற்று. முன்னர் நோயுற்றிருந்தோரிடம் முதல் ஊசிக்கே பிறபொருளெதிரிகள், நோயுறாதோரிடத்தினும் பன்மடங்காக உயர்ந்தன.