பர்கர் உள்ளே சிவப்பாக இருக்கலாமா?

அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் பர்கர் கடைகள் பலவற்றில், ஆர்டர் எடுப்பவர் ஒரு கேள்வி கேட்பார்: "பேட்டி எவ்வளவு வேகணும்?" புதிதாகப் போகிறவர்கள் முழிப்பார்கள். பக்கத்து மேசையில் ஒருவர் நடுவில் சிவந்திருக்கும் ஸ்டேக்கை ரசித்து வெட்டிக்கொண்டிருப்பார். அதுவும் மாட்டிறைச்சிதானே, நாமும் 'மீடியம் ரேர்' என்று சொல்லிவிட்டால் என்ன?

சொல்லாமல் இருப்பது நல்லது. காரணம் இதுதான்.

ஸ்டேக் என்பது ஒரே துண்டுக் கறி. ஈ. கோலை மாதிரியான கிருமிகள் இருந்தால் பெரும்பாலும் அதன் மேற்பரப்பில்தான் இருக்கும். கொதிக்கும் கல்லில் இரண்டு பக்கமும் போட்டு எடுத்தால் அவை காலி. பர்கர் பேட்டி கொத்துக்கறி. அரைக்கும்போது மேலே இருந்ததெல்லாம் உள்ளே கலந்துவிடுகிறது. பல மாடுகளின் கறி ஒன்றாகச் சேர்வதும் உண்டு. அதனால் நடுப்பகுதியும் வெந்தாக வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1993-ல் ஜாக் இன் த பாக்ஸ் கடைகளின் சரியாக வேகாத பர்கர்களிலிருந்து ஈ. கோலை ஓ157 பரவி, 700 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். இந்த வகைக் கிருமியின் நச்சு சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். சின்னக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அடுத்த ஆண்டே, கொத்துக்கறியில் இந்தக் கிருமி இருந்தால் அது கலப்பட உணவு என்று அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது.

அந்தத் துறை சொல்லும் கணக்கு: பேட்டியின் நடுவில் 71 டிகிரி செல்சியஸ். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சில பேட்டிகள் அந்தச் சூட்டை எட்டும் முன்பே உள்ளே பழுப்பாகிவிடும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர்தான் சாட்சி.

சரி, பக்க உணவுகள்? ஃபிரெஞ்சு ஃபிரைஸ் பற்றிக் கவலையே வேண்டாம். நல்ல கடைகளில் அதை இரண்டு முறை பொரிப்பார்கள்: முதலில் மிதமான எண்ணெயில் உள்ளே வேகவைத்து, பிறகு சுமார் 180 டிகிரியில் மொறுமொறுப்பாக்கி. ஈ. கோலை மாதிரியான கிருமிகள் அதில் தப்பாது. யோசிக்க வேண்டியது பச்சையாக வரும் இலைகளைத்தான். 2006-ல் இதே ஓ157 பசலைக் கீரை வழியாகப் பரவி சுமார் 200 பேரைப் படுக்க வைத்தது. இலையைக் கழுவினால் கிருமி குறையும், முழுசாகப் போகாது. அதற்காகச் சாலட்டையே விட வேண்டியதில்லை; பச்சைக் கறி நறுக்கிய பலகையில் அதையும் நறுக்காத சுத்தமான கடையாகப் பார்த்துப் போனால் போதும்.

நன்றாக வெந்தால் வறண்டுவிடுமே என்பது நியாயமான கவலை. அதற்கும் வழி இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள கறியாக இருந்தால் வெந்த பிறகும் சாறு நிற்கும். இல்லையென்றால் கல்லில் மெல்லிசாக அழுத்திச் சுடும் 'ஸ்மாஷ் பர்கர்' வாங்கலாம். உள்ளே முழுக்க வெந்துவிடும், ஓரமெல்லாம் முறுகிக் கிடக்கும். குழந்தைகளோடு போனால் என் ஓட்டு அதற்குத்தான்.