தெருவிசைஞரும் வழிப்போக்கரும்
பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டன் நகரை முன்வைத்து ஒரு நோக்கு

ஆற்றுப்படை இலக்கியங்களைக் கற்போர் அவற்றில் ஒரு செய்தியைத் தவறாது காண்பர். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனைத் தனக்குப் போட்டியாளனாகக் கருதுவதில்லை. தான் பொருள் பெற்ற இடத்தையே அவனுக்குக் காட்டி வழிப்படுத்துகின்றான். பத்துப்பாட்டிலே திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கு ஆற்றுப்படைகளும் இவ்வாறு கலைஞரை ஆற்றுப்படுத்துவனவே. ஆனால், ஒரே தொழிலைச் செய்யும் இருவர் ஒரே தெருவிற் சந்தித்தாற் பகைவராவதே இயல்பென்று நாம் இன்று எண்ணப் பழகிவிட்டோம். இப்பகை மனித இயல்பா, அன்றிக் குறிப்பிட்டதொரு சமுதாய அமைப்பின் விளைவா? தெருவிசைஞரிடையே கடும் போட்டி நிலவிய பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1851ஆம் ஆண்டில் இலண்டனின் சனத்தொகை இருபத்து மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்தது. கைத்தொழில் வளர்ச்சியால் பெருகிய அந்நகரின் தெருக்களிலே பிழைப்பு நடத்திய எளிய மக்களை நேரிற் கண்டு, அவர்தம் வாய்மொழிகளைப் பதிவுசெய்தவர் ஹென்றி மேஹியூ என்னும் பத்திரிகையாளர். ‘இலண்டன் உழைப்பும் இலண்டன் வறியோரும்’ என்ற பொருள்படும் அவரது நூல், தெருவிசைஞர் ஏறத்தாழ ஆயிரவர் எனவும், தெருப்பாடகர் இருநூற்றைம்பதின்மர் எனவும் மதிப்பிடுகின்றது. பித்தளைக் குழல்களை ஊதும் ஜேர்மானியக் குழுவினர், கைப்பிடியைச் சுழற்றி இசையெழுப்பும் ஓர்கன் பெட்டியைச் சுமந்த இத்தாலியர், ஸ்கொத்லாந்துப் பைக்குழல் வாசிப்போர், முகத்திற் கரிபூசிக் கறுப்பினத்தவராக வேடந்தரித்த பாடகர், கண்பார்வையற்ற வயலின் கலைஞர் எனப் பல திறத்தோர் இவருள் அடங்குவர்.

இவர்கள் தம்முட் போட்டியிட்டது எதற்காக? காசுக்காக என்பது வெளிப்படை. ஆயின், காசுக்கு முன்னர் வழிப்போக்கனின் கவனத்தைப் பெறவேண்டியிருந்தது. அரங்கிற்கு வருபவன் முன்னரே பணங்கொடுத்து, கேட்கும் மனநிலையுடன் அமர்கின்றான். தெருவிற் செல்பவனோ வேறு அலுவலாகச் செல்கின்றான். அவன் செவி சில கணங்களுக்கே கிட்டும். கேட்டபின் கொடுப்பதும் கொடாதுவிடுவதும் அவன் விருப்பம். மேலும், இரு காய்கறி வணிகர் அருகருகே இருந்து விற்கலாம். இரு இசைக்குழுவினர் ஒரே செவியெல்லைக்குள் வாசித்தால் இருவர் இசையும் கெடும். எனவே தெருமுனை ஒவ்வொன்றும் ஒருவருக்கே பயன்படும் பொருளாயிற்று.

இத்தகைய போட்டியில் வெற்றி திறமையைச் சார்ந்து அமைவதில்லை. ஒலியின் வலிமையைச் சார்ந்து அமைகின்றது. பித்தளைக் குழலின் முன்னே தனி வயலின் எடுபடாது. குழலூத இயலாதவன் வேடத்தாலோ, குரங்காலோ, தன் உடற்குறையாலோ கண்களைக் கவர முயல்வான். கரிபூசிய முகங்கள் அன்றைய ஆங்கிலேயரின் இனவாத நகைச்சுவைக்குத் தீனியாயின என்பதும், சந்தை எதைக் கேட்டதோ அதையே வறியவன் வழங்கினான் என்பதும் ஒருசேர நோக்கற்பாலன.

ஓர்கன் பெட்டியின் அமைப்பு இப்போக்கினை மேலும் தெளிவாக்கும். அதனுள்ளே மரவுருளை ஒன்றுண்டு. பாடலுக்குரிய சுரங்கள் அவ்வுருளையின்மேற் சிற்றூசிகளாகப் பதிக்கப்பட்டிருக்கும். கைப்பிடியைச் சுழற்ற, ஊசிகள் நெம்புகளை உயர்த்திக் குழல்களுக்குக் காற்றை விடுக்கும். சுழற்றுபவனுக்கு இசைப் பயிற்சி வேண்டியதில்லை. மக்கள் விரும்பும் பாடல் மாறும்போது உருளையையும் பணஞ்செலவிட்டு மாற்றவேண்டும். இப்பெட்டியைச் சுமந்தவர்களுட் பலர் அதன் உடைமையாளரல்லர். வாடகைக்கு எடுத்தோர், அல்லது ‘பத்ரோனே’ எனப்பட்ட முதலாளியின்கீழ்த் தொழில்செய்தோர். அவருட் சிறுவரும் இருந்தனர். தன் பொருட்டுப் பாடுபவளின் உழைப்பையும், முதலாளி ஒருவன் இலாபத்துக்காக அமர்த்திய அதே பாடகியின் உழைப்பையும் கார்ல் மார்க்ஸ் வேறுபடுத்திக் காட்டினார். அவ்வேறுபாடு அவர் வாழ்ந்த இலண்டனின் தெருக்களிலேயே கண்கூடாக இருந்தது. தெருமுனையில் மோதிக்கொண்ட இருவரின் பின்னால், அம்மோதலில் நேரிற் பங்குகொள்ளாத கருவியுடைமையாளரும் இருந்தனர்.

தெருவிசைஞரை மேஹியூ இரு வகையினராகப் பிரித்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒரு சாரார் தம் திறமைக்காகக் காசு பெற்றனர். மறு சாரார் இரைச்சலை எழுப்பி, அவ்விடத்தை விட்டு அகல்வதற்காகவே காசு பெற்றனர். கவனத்தைக் கவரும் போட்டி அதன் எல்லையை அடையும்போது, இசை தன் எதிர்மறையாக மாறி, மௌனம் விற்பனைப் பொருளாகின்றது. இதனைத் தனிமனிதரின் கயமை என ஒதுக்குதல் பொருந்தாது. நல்லிசைக்குச் சில கணங்களும் ஒரு பென்னியுமே கிடைக்கும் தெருவில், இரைச்சலே சிலருக்கு உறுதியான வருவாயாயிற்று.

இவ்விரைச்சலுக்கு எதிராக எழுந்தோருள் முதன்மையானவர் கணிதவறிஞர் சார்ள்ஸ் பாபேஜ். தம் உழைப்பாற்றலின் காற்பங்கினைத் தெருவிசை அழித்துவிட்டதென 1864இல் வெளிவந்த தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் முறையிட்டார். அதே ஆண்டில், டார்பி தொகுதி உறுப்பினரும் மதுவடிசாலை உடைமையாளருமாகிய மைக்கல் தோமஸ் பாஸ் பாராளுமன்றத்தில் ஒரு சட்டத்தைக் கொணர்ந்தார். டிக்கன்ஸ், டெனிசன், கார்லைல் முதலியோர் அதனை ஆதரித்துக் கையொப்பமிட்டனர். 1839ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டம் ஏற்கெனவே, வீட்டில் நோயாளர் இருப்பின் இசைஞரை அகற்றும் உரிமையை வழங்கியிருந்தது. புதிய சட்டமோ, வீட்டிலிருப்போரின் வழமையான அலுவல்களுக்கு இடையூறு என்பதையும் போதிய காரணமாக்கியது. மறுப்போருக்கு நாற்பது சிலிங் வரை தண்டம், அல்லது மூன்று நாள் வரை சிறை.

பாபேஜின் துன்பம் பொய்யன்று. சிந்தனையும் உழைப்பே, அதற்கு அமைதி வேண்டும். ஆயினும் இவ்வுரிமை யாருக்கு வழங்கப்பட்டது? வீட்டுத் தலைவனுக்கு. அவன் தானாகவோ, தன் வேலையாள் மூலமோ, பொலிசார் மூலமோ இசைஞரை அகற்றலாம். தெருவிசையை ஊக்குவிப்போர் என்று பாபேஜ் தந்த பட்டியலிலே மதுச்சாலையினர், சிறுவர், நாட்டுப்புறத்திலிருந்து வந்தோர் ஆகியோருடன் வீட்டு வேலையாட்களும் இடம்பெறுகின்றனர். இசைமன்றங்களை எட்டிப்பார்க்க இயலாத வேலைக்காரப் பெண்ணுக்குத் தெருவோசையே இசையரங்கு. அவளே வாயிலுக்கு வந்து அவ்விசையை நிறுத்தச் சொல்லவும் சட்டம் வழிசெய்தது! இரைச்சலைத் தோற்றுவித்த வறுமையையும் போட்டியையும் தொடாது, கேட்கும் உரிமையையும் கேளாதிருக்கும் உரிமையையும் அச்சட்டம் உடைமையாளன் கையில் ஒப்படைத்தது.

பின்னைய காலத்தில் ஒழுங்குபடுத்தும் முறைகள் மாறின. இலண்டன் சுரங்கப் புகையிரத நிலையங்களில் 2003இல் அனுமதித் திட்டம் வந்தது. தேர்வில் தெரிவானோருக்குக் குறித்த இடமும் நேரமும் ஒதுக்கப்பட்டன. இதனால் தெருமுனைச் சச்சரவு குறைந்தது. ஆனால் போட்டி ஒழியவில்லை, தேர்வறைக்கு இடம்பெயர்ந்தது. 2007 சனவரி 12ஆந் திகதி அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், ஒரு பத்திரிகையின் சோதனைக்காக அடையாளம் காட்டாது புகையிரத நிலைய வாயிலில் வாசித்தார். 43 நிமிடங்களில் 1,097 பேர் கடந்து சென்றனர். ஒரு நிமிடமேனும் நின்று கேட்டோர் எழுவர். சேர்ந்த தொகை 32 டொலர் சொச்சம். மக்களுக்கு இரசனையில்லை என இதற்குப் பொருள்கொள்வது எளிது. ஆனால், காலை வேளையில் வேலைக்கு விரையும் மனிதரின் நேரம் அவர்களுக்குச் சொந்தமானதன்று என்பதே நாம் காணவேண்டிய உண்மை. இசைஞன் தேடும் கவனம் வழிப்போக்கனிடமே இல்லை; அது ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது.

மீண்டும் ஆற்றுப்படைக்கு வருவோம். பாணரின் வாழ்வைப் பொற்காலமெனப் போற்றுதல் எம் கருத்தன்று. பசியும் அலைச்சலும் அவ்விலக்கியங்களிலேயே பேசப்படுகின்றன. கலைஞர் புரவலனைச் சார்ந்திருந்தமையும் மறைப்பதற்கில்லை. எனினும், வருவோர்க்கெல்லாம் வழங்குதலே புரவலனின் புகழாக இருந்த அமைப்பில், மற்றொரு கலைஞனை அழைத்து வருவதால் முதல்வனுக்கு இழப்பில்லை. ஆதலால் அவன் வழிகாட்டினான். ஒரு தெருமுனையையும் ஒரு பென்னியையும் பலர் பங்கிடவேண்டிய அமைப்பிலோ, அதே கலைஞன் தன் தோழனின் இசையை மூழ்கடிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டான். மாறியது கலைஞனின் உள்ளமன்று. அவன் வாழ்ந்த வாழ்வின் நிபந்தனைகளே. தெருவோரத்தில் இருவர் ஒருவரையொருவர் மிஞ்சி உரக்கப் பாடக் கேட்கும்போது, எவர் சிறந்தவர் என்று தீர்ப்பளிக்குமுன், அவர்களை அவ்வாறு பாடவைத்தது எது என்று வினவுவதே சமுதாயப் பிரக்ஞை உடையோரின் கடனாகும்.