கடவையும் சாரதியும்

நேயர்களே, வாகனம் ஓட்டப் பழகுவோர் முதலில் அறியவேண்டிய சொற்களுள் 'கடவை' ஒன்று. பாதசாரிகள் கடவை, புகையிரதக் கடவை ஆகிய இரண்டிலும் வழிவிடவேண்டியவர் சாரதியே. முன்னதில் தவறினால் பிறர் உயிருக்குக் கேடு. பின்னதில் தவறினால் தம் உயிருக்கே கேடு.

யாழ்ப்பாணத்தவர்க்கு இச்சொல்லில் தனி அக்கறை வேண்டும். 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரிலேயே யாழ்ப்பாண நிலையத்துக்கு மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் குடாநாட்டில் வண்டியோட்டப் பழகியவர்கள் தண்டவாளத்தைக் கடந்து பழகாதவர்கள். கோண்டாவில், இணுவில் பக்கத்து ஒழுங்கைகளிலோ வேலியும் மதிலும் பார்வையை மறைக்கின்றன.

அடுத்த சொல் 'நிறுத்தத் தூரம்'. ஆபத்தைக் கண்ட கணத்திலேயே வண்டி நின்றுவிடுவதில்லை. கண்டது மனத்திற்பட்டுக் கால் பிரேக்கை மிதிக்கும்வரை ஓடுவது ஒரு தூரம். மிதித்தபின் ஓடுவது இன்னொரு தூரம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் ஓடும். மனமும் காலும் ஒரு விநாடி தாமதித்தால், பிரேக் பிடிக்குமுன்பே அத்தனை தூரம் கழிந்துவிடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மாரிகாலத்து ஈர வீதியில் அது மேலும் நீளும். பாரமான புகையிரதத்துக்கோ நின்றுகொள்ளப் பல நூறு மீற்றர் வேண்டும். சாரதி உங்களைக் கண்டாலும் பயனில்லை.

ஆகவே, காவலற்ற கடவையில் தண்டவாளத்துக்கு முன்பாகவே நின்று, கண்ணாடியை இறக்கிச் செவிகொடுங்கள். வானொலியையும் அணைத்துவிடலாம், நாம் வருந்தமாட்டோம். இருபுறமும் வெறுமையெனக் கண்டபின், நடுவில் கியர் மாற்றாது கடந்து செல்லுங்கள்.