பின்னால் வருகிறவர்



2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரிபொருள் நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. கொட்டில்களில் துருவேறிக் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. திருப்பலிக்கும் நோயாளர் சந்திப்புக்குமாக, செட்டிபாளையத்திலிருந்து ஒருபுறம் களுவாஞ்சிக்குடி வரையிலும் மறுபுறம் ஆரையம்பதி வரையிலும் நானும் மிதித்துத் திரிந்தேன். கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் எமது எழுவான்கரை மணல் நிலத்தில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே, ‘நான் நன்றாக ஓட்டுகிறவன்’ என்ற எண்ணம் என்னுள் மெல்ல வளர்ந்தது. தட்டுப்பாடு தீர்ந்தது, அந்த எண்ணம் தீரவில்லை.

அக்காலத்தில் வாவியில் வலை வீசிப் பிழைக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். “சுவாமி, விடியற்காலையில் தோணியில் இருந்து பார்த்தால் மேற்கே நீலமாய் மலை தெரியும். அதைப் பார்த்தே எனக்கு வயது போய்விட்டது. சாவதற்கு முன் ஒருநாள் அங்கே போய் நிற்க வேண்டும்” என்றார். எனக்கும் ஆசை பிறந்தது. அடுத்த மாசி மாதத்தில் இருவருமாகப் புறப்பட்டோம்.

கல்லடிப் பாலத்தைக் கடந்து, செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பினோம். யானைகள் நடமாடும் மகாஓயாப் பகுதியைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்தோம். பிபிலைக்கு அப்பால் நிலம் எழத் தொடங்கியது. லுணுகலை, பசறை, பதுளை, பண்டாரவளை என்று ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக உயர்ந்தோம். நான் சொல்ல வந்தது ஐந்தாம் நாளைப் பற்றியே. அன்று நாங்கள் ஹோட்டன் சமவெளிக்கு ஏற வேண்டும்.

கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கும் மேலே விரிந்திருக்கும் அப்புல்வெளியும் முகில் தங்கும் காடும் 1988ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியும் அதுவே. மகாவலி, களனி, வளவை ஆகிய பேராறுகளுக்கு நீர் ஊட்டும் மேட்டு நிலம் அது. ‘உலக முடிவு’ எனப்படும் இடத்தில் நிலம் திடீரென அறுந்து, 800 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் விழுகின்றது. ஆனால் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து முகில் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பார்க்க விரும்புகிறவர் அதற்கு முன்பே அங்கு நிற்க வேண்டும். இந்த ஒன்பது மணிதான் என்னைச் சோதனைக்கு உட்படுத்தியது.

இருள் விலகுமுன்பே ஏறத் தொடங்கினோம். ஒஹிய புகையிரத நிலையத்திலிருந்து மேலே ஏறத்தாழ 11 கிலோமீற்றர். வளைவுக்கு மேல் வளைவு. நிலையத்துக்குக் கீழேயே, தோட்ட லயன் ஒன்றின் அருகில், என் தோழர் பின்தங்கிவிட்டார். தோணி வலித்து உரமேறிய தோள்கள் அவருடையவை. கால்களோ மேட்டை அறியாதவை. இரண்டு முறை நின்று காத்திருந்தேன். மூன்றாம் முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “நான் முன்னே போகிறேன். நீங்கள் ஆறுதலாக வாருங்கள்” என்றேன். அவர் தலையசைத்தார். அந்த முகத்தை நான் நின்று பார்க்கவில்லை.

நடைபாதை தொடங்குமிடத்தில் பைகளைச் சோதித்தார்கள். காட்டின் மரைகள் தின்றுவிடாதபடி பொலித்தீன் உறைகளை அகற்றுவது அங்குள்ள நடைமுறை. என் பிஸ்கற்றுகளைக் கடதாசியில் சுற்றித் தந்தபடி, “தனியாகவா வந்தீர்கள்?” என்று கேட்டார் ஒருவர். “இல்லை, ஒருவர் பின்னால் வருகிறார்” என்றேன். சொல் உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது என் நாக்கு கூசியது. வேகமாக நடந்தேன். விளிம்பை அடைந்தபோது என் முன்னால் நின்றது வெண்மையான ஒரு சுவர். மலையுமில்லை, பள்ளமுமில்லை. முகில் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. அரை மணி நேரம் நின்றேன். ஒருவரும் பின்னால் வரவில்லை.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. நடைபாதையில் ஓடித் திரும்பி, வண்டியில் ஏறி, பிரேக்கை இறுகப் பிடித்தபடி வளைவுகளில் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் அவரைத் தேடினேன். விடியலில் பிரிந்த அதே லயனின் சுவரில் அவருடைய வண்டி மட்டும் சாய்ந்து நின்றது. என் நெஞ்சு ஒரு கணம் நின்றேபோனது. உள்ளே, அடுப்பின் அருகே, கம்பளி ஒன்றால் போர்த்தப்பட்டு அவர் இருந்தார். கால் நரம்பு இழுத்து, குளிரில் தலைசுற்றி வீதியோரத்தில் உட்கார்ந்தவரை, கொழுந்து பறிக்கப் புறப்பட்ட தாயொருத்தி கண்டு அழைத்துச் சென்றிருந்தார். அன்றைய வேலையையும் அதன் கூலியையும் விட்டு, வெறுந்தேநீர் கொடுத்து, முன்பின் அறியாத ஒருவரின் அருகில் அவர் அமர்ந்திருந்தார். எனக்காக ஒஹிய மலையடியில் நல்ல சமாரியர் உவமையே நடந்து முடிந்திருந்தது. அந்த உவமையில் விலகிச் சென்ற குரு யார் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “சுவாமி, இரவில் வாவியில் போகும்போது முன்னே போகிற தோணிக்காரன் அடிக்கடி திரும்பிப் பார்ப்பான். பின்னால் வருகிறவனின் விளக்கு தெரிகிறதா என்று பார்த்துத்தான் வலிப்பான். விளக்குத் தெரியாவிட்டால் மீன் இருந்தாலும் போகமாட்டான்” என்று மட்டும் சொன்னார்.

அன்பர்களே, தொடக்கநூலின் 33ஆம் அதிகாரத்தை அன்றிரவு வாசித்தேன். பல்லாண்டுப் பகை தீர்ந்து, ஏசாவும் யாக்கோபும் கட்டித் தழுவுகிறார்கள். சேர்ந்தே போவோம் என்று அண்ணன் அழைக்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகளும் உண்டு, ஒரே நாள் விரட்டினாலும் மந்தை மடிந்துவிடும், ஆகவே அவற்றின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்ப மெதுவாகவே வருகிறேன் என்று பதில் கூறுகிறார். இளமையில் அண்ணனை முந்துவதற்காக ஏமாற்றவும் துணிந்தவர் இவர். இப்போது சிறுபிள்ளையின் கால் அளவே அவருடைய வேகம். இணைச்சட்டம் 25ஆம் அதிகாரத்தையும் எண்ணிப் பாருங்கள். களைத்துப் பின்தங்கியவர்களைத் தாக்கியதே அமலேக்கியர் செய்த கொடுமையாக அங்கு நினைவுகூரப்படுகின்றது. ஒரு மக்கள் கூட்டத்தின் கடைசி மனிதர் மீதும் ஆண்டவரின் கண் இருக்கின்றது.

அப்படியானால் வேகம் பாவமா? இல்லை. இத்தாலியக் கத்தோலிக்கரான கீனோ பார்த்தாலி 1938ஆம் ஆண்டிலும், பத்து ஆண்டுகள் கழித்து 1948ஆம் ஆண்டிலும் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற துவிச்சக்கர வண்டிப் போட்டியில் வென்றவர்; மலையேற்றத்தில் மன்னர். இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களைக் காப்பதற்கான ஆவணங்களைத் தம் வண்டியில் எடுத்துச் சென்றவர் எனப் போற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு ஜெருசலேமின் யாட் வாஷெம் நினைவகத்தால் கௌரவிக்கப்பட்டார். கால்களின் வலிமை எவருக்காகச் செலவாகின்றது என்பதே கேள்வி.

உங்கள் வீட்டிலும் பின்னால் வருகிறவர் ஒருவர் இருப்பார். வகுப்பில் கடைசியாக நிற்கும் பிள்ளையாக இருக்கலாம். பிள்ளைகள் கடல் கடந்து போனபின் தனித்திருக்கும் பெற்றோராக இருக்கலாம். கோவிலுக்கு வரக் கால் இடங்கொடாத முதியவராக இருக்கலாம். ‘ஆறுதலாக வாருங்கள்’ என்று அன்பாகச் சொல்லிவிட்டே நாம் அவர்களைக் கைவிட்டு வருகிறோம். இந்த வாரம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவர்களுடைய விளக்குத் தெரிகிறதா?

மறுநாள் அவருக்குச் சுகம் கண்டது. இருவரும் மீண்டும் ஏறினோம். பெரும்பாலும் வண்டிகளை உருட்டிக்கொண்டு, அவருடைய நடைக்கே நடந்தோம். உலக முடிவை அடைந்தபோது நண்பகலாகியிருந்தது. அன்றும் முகில்தான். அவர் இரு கைகளையும் அதனுள் நீட்டி, குழந்தையைப்போல் சிரித்தார். “தூரத்தில் நீலமாய்த் தெரிந்தது, கிட்ட வந்தால் வெள்ளை” என்றார்.

இறைவா, முன்னே செல்லும் எமக்குத் திரும்பிப் பார்க்கும் கண்களைத் தாரும். ஆமென்.