வத்தல் விற்கும் இணையப் பக்கத்தை ஐந்து பேர் கையில் கொடுங்கள்!

சாத்தூர் ரயில் நிலைய நடைமேடையில் வெள்ளரிக்காயும் சேவும் விற்றவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. வண்டி நிற்கும் ஓரிரு நிமிடத்தில், ஜன்னலோரம் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே அவர் வாங்குவாரா, விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வாரா என்று தெரிந்துவிடும். பிஞ்சு வேண்டும் என்றால் பிஞ்சை எடுத்துக் காட்டலாம். இணையத்தில் கடை விரித்திருக்கும் விவசாயிக்கு அந்த முகம் தெரிவதில்லை. பக்கத்தைத் திறந்தவர் எதைத் தேடினார், ஏன் மூடிவிட்டுப் போனார் என்று சொல்ல ஆள் இல்லை.

சாத்தூர், விருதுநகர் கரிசல் காடுகளில் விளையும் சம்பா வத்தல், குதிரைவாலி, உளுந்து எல்லாம் கமிஷன் கடை வழியாகப் போவதுதான் இன்றும் வழக்கம். நேரடியாக விற்றுப் பார்ப்போம் என்று துணிகிறவர்கள் சொந்தமாக இணையப் பக்கம் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ, டிசைன் வேலை செய்யும் உறவுக்காரரோ செய்து கொடுத்ததாக இருக்கும். மேலே குலசாமி படம், அதன் கீழே ஓடும் எழுத்து, அடுத்து மூன்று பத்தியில் குடும்ப வரலாறு. வத்தல் கிலோ என்ன விலை என்பது மட்டும் எங்கும் இருக்காது. பெயருக்கும் இடத்துக்கும் வருடா வருடம் பணம் கட்டுகிறோம், ஒரு போன்கூட வரவில்லையே என்று ஆவணியில் வருத்தப்படுவார்கள். செய்தவருக்கும் செய்யச் சொன்னவருக்கும் பக்கம் அழகாகத்தான் தெரியும். எது எங்கே இருக்கிறது என்பது அவர்கள் இருவருக்கும் முன்பே தெரியுமே!

பயன்படுத்தப் போகிறவரைக் கேட்டுச் செய்வது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு நிதி உதவியோடு 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் கணினி மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். கணினியை இறக்குவதற்கு முன்பே ஊர் மக்களோடு உட்கார்ந்து, உங்களுக்கு என்ன தகவல் வேண்டும், இப்போது அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். ஊருக்கு ஊர் பதில் மாறியது. விவசாய ஊர்களில் விளைபொருள் விலை, இடுபொருள் விலை, அரசு உதவித் திட்டங்களின் விவரம். கடலோரத்து வீராம்பட்டினத்தில் அலையின் உயரம்.

அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரக் கணிப்பு கிடைத்தது. ஆனால், அதிகாலையில் கடலுக்குக் கிளம்பும் மீனவர் கணினி முன் வந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் தகவலைத் தமிழில் எடுத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வாசிக்க வந்தவர்களுக்காக ‘நம்ம ஊரு செய்தி’ என்று மாதம் இருமுறை ஒரு தாளும் அச்சிட்டார்கள். கணினித் திரையில் இருந்தது காதுக்கும் காகிதத்துக்கும் இடம் மாறியது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போனில் எச்சரிக்க, அந்தச் செய்தியை ஊர் முழுக்கச் சொல்லி மக்களை வெளியேற்றப் பயன்பட்டது அங்கிருந்த ஒலிபெருக்கிதான்.

நாலு மூட்டை வத்தல் விற்கும் பக்கத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஐந்து பேர் போதும். இணையதளங்களின் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2000-ம் ஆண்டில் எழுதியது இது: 5 பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே குறைகளில் சுமார் 85 சதவிகிதம் வெளியே வந்துவிடும். 15 பேரை வைத்துச் சோதிக்க வசதி இருந்தால் ஒரே தடவையில் கூட்டாமல், ஐந்தைந்து பேராக மூன்று தடவை சோதியுங்கள், நடுநடுவே திருத்துங்கள் என்பது அவர் சொன்ன யோசனை.

அந்த ஐந்து பேர் யார் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால், ‘சூப்பர் மாமா’ என்று கட்டைவிரல் படம்தான் வரும். வத்தல் வாங்கிச் சமைக்கிறவர்கள் வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ வீடு நடத்தும் ஒரு பெண், சின்னதாக மசாலா அரைத்து விற்பவர், கண்ணாடி போட்டுப் படிக்கும் பெரியவர் ஒருவர், மெஸ் நடத்துபவர், உங்களிடம் ஒருமுறை வாங்கிவிட்டு மறுபடி வராத ஒருவர். கடைசி ஆள் மிக முக்கியம்.

போனை அவர்கள் கையில் கொடுத்து, கருத்துக் கேட்காமல் வேலை கொடுங்கள். ‘அரைக் கிலோ வத்தல் சென்னைக்கு அனுப்ப மொத்தம் எவ்வளவு ஆகும்னு பாருங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘கீழே தள்ளுங்க, அங்கதான் இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறார் என்பதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நடைமேடை வியாபாரி பார்த்த முகம் இங்கேதான் கிடைக்கும். பெற்ற பிள்ளை போலப் பார்த்துப் பார்த்துச் செய்த பக்கத்தில் ஒருவர் தடுமாறுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான்.

இப்படிப் பார்க்கும்போது திரும்பத் திரும்ப அகப்படும் குறைகள் சில உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் சில போன்களில் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் அடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. சிலர் எல்லா விவரத்தையும் நோட்டீஸ் மாதிரி ஒரே படமாகப் போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து கூகுள் தேடலில் சரியாகச் சிக்காது, சின்னத் திரையில் படிக்கவும் முடியாது. போனில் எடுத்த படம் நாலைந்து எம்.பி. இருக்கும், அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறக்காது, 200 கே.பி. அளவுக்குக் குறைத்தால் போதும். தொலைபேசி எண்ணைத் தொட்டதும் அழைப்பு போக வேண்டும். எண்ணைத் தாளில் எழுதிவைத்து அடிக்க வைத்தால் பாதிப் பேர் அடிக்க மாட்டார்கள். விலை, எடை, கூரியர் செலவு, பறித்த மாதம், பாக்கெட்டில் போடும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் ஆகியவை முதல் திரையிலோ அதை ஒட்டியோ இருக்கட்டும்.

படத்தின் நிறம் தனிப் பிரச்னை. செயலியில் போட்டுச் சிவப்பை ஏற்றிய வத்தலைப் பார்த்து வாங்கியவர், பார்சலைப் பிரித்ததும் பழைய சரக்கு என்று நினைத்துவிடுவார். களத்தில் காயும்போது வெயிலில் எடுத்த படமே போதும்.

ஐந்து பேரும் ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள். ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கு என்பார், இன்னொருவர் படத்தைக் கூட்டு என்பார். சொன்னதையெல்லாம் செய்தால் பக்கம் திருவிழாக் கடை ஆகிவிடும். வாயால் சொன்னதைவிட விரல் தடுமாறிய இடத்துக்கு மதிப்புக் கொடுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் முழித்தால் அங்கே கை வைக்கலாம். நிறம் பிடிக்கவில்லை என்று ஒருவர் மட்டும் சொன்னால் விட்டுவிடலாம். குடும்ப வரலாற்றை அழிக்கவும் வேண்டாம், விலைக்குக் கீழே நகர்த்தினால் போதும். நம்பி வாங்க நினைப்பவர் அதையும் படிப்பார்.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ‘தீபாவளிக்குப் பட்டாசும் சேர்த்து அனுப்புவீங்களா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். கேட்கிறார்களே என்று பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுவிடக் கூடாது. இணையம் வழியாகப் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் தடை விதித்திருக்கிறது.

புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மானாவாரி மிளகாய் தை, மாசியில் பறிப்புக்கு வரும். திருத்திய பக்கத்தை மார்கழியிலேயே வேறு ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்துவிடலாம். முதலில் பார்த்தவர்களையே மறுபடி கூப்பிட வேண்டாம், விலை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு இப்போது தெரியும்.