வளர்ந்த பிள்ளை எப்படி இருக்கிறார்?

கேரள மலையூரான சின்னக்கானலில் இரவு யானை இறங்கினால் வெடி போட்டு விரட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஊர் மறுபடி உறங்கிவிடும். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்ட ஒருவருக்கு அந்த வெடி காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியதுபோல் இருக்கும். விடியும்வரை தூக்கம் வராது. மறுநாள் அவர் கத்தினால் "பிடிவாதம்" என்பார்கள். "ராத்திரி தூங்குனியாப்பா?" என்று கேட்பவர் குறைவு.

ஆட்டிசம் பற்றிய ஆராய்ச்சியும் வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. கண்ணைப் பார்க்கிறாரா, கையை ஆட்டுவது குறைந்ததா என்று அளந்தார்கள். வாழ்வது நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை.

முதல் குழந்தை முதியவரான கதை

1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதலில் வருபவர் அமெரிக்காவின் டொனால்டு டிரிப்லெட். அவர் வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், கோல்ப் ஆடினார், பல நாடுகளுக்குத் தனியே போய்வந்தார். 2023இல் 89 வயதில் காலமானார். ஆட்டிசம் கடைசிவரை அவரோடு இருந்தது. வசதியான குடும்பம், வங்கியே தாய்வழிச் சொந்தம் என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் ஊரார் அவரை அவர் போக்கிலேயே விட்டார்களே, அது பணத்தால் மட்டும் வந்ததல்ல.

மனம் சோர்வது ஏன்?

பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த கணக்கின்படி, ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் 100க்கு 42 பேருக்குப் பதற்ற நோயும் 37 பேருக்கு மனச்சோர்வும் வாழ்நாளில் ஒருமுறையாவது வருகின்றன. தனிமை, ஓயாத இரைச்சல், பிறரைப்போல் நாள் முழுக்க நடிக்கவேண்டிய அலுப்பு எல்லாம் சேர்ந்து மனத்தை அரிக்கின்றன. பிடித்த பொருளைத் தொடாமல் இருப்பது, சாப்பாடும் தூக்கமும் மாறுவது, தன்னையே அடித்துக்கொள்வது, தெரிந்த வேலையும் செய்ய முடியாமல் போவது ஆகியவை மனச்சோர்வாக இருக்கலாம். "ஆட்டிசம்தான், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவது பெரிய தவறு. மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு.

அவர்களையே கேட்ட கேள்விகள்

உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கக் கேள்வித்தாள் தயாரித்தபோது, அந்தப் பணி நடந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள்: உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அது போதவில்லை. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஹெலன் மெக்கானகி குழுவினர் அவர்களையே கூட்டிவைத்துக் கேட்டு, 2018இல் ஒன்பது கேள்விகளைச் சேர்த்தார்கள். சத்தமும் வெளிச்சமும் தொல்லை தருகின்றனவா, மருத்துவ உதவி பெறத் தடை இருக்கிறதா, நீங்கள் நீங்களாக இருக்க முடிகிறதா என்பவை அவற்றில் அடங்கும்.

லயத்து வீட்டில்

இந்தக் கேள்விகளைச் சின்னக்கானல் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு டிவி. மருத்துவமனையில் மலையாளம், வீட்டில் தமிழ். வாய்பேசக் கஷ்டப்படுபவர் எந்த மொழியில் வலியைச் சொல்வார்? எல்லாவற்றையும்விடப் பெரியது வீடு. அம்மாவோ அப்பாவோ வேலையில் இருக்கும்வரைதான் லயம். "எங்களுக்கு அப்புறம் இவன் எங்க இருப்பான்?" என்ற கவலைக்கு எந்த மாத்திரையும் இல்லை. வாழ்க்கைத் தர ஆராய்ச்சி தோட்டங்களுக்கு வந்தால் முதலில் இதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

பக்கத்திலேயே, மூணாறில், ஒரு நல்ல வழி இருக்கிறது. ஸ்ருஷ்டி அறக்கட்டளையில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மாற்றுத்திறனாளிகள் இயற்கைச் சாயம் தோய்க்கிறார்கள், கைக்காகிதம் செய்கிறார்கள், கூலி வாங்குகிறார்கள். போய்ச் சேர ஓர் இடமும் கையில் சொந்தக் காசும் மனநலத்துக்கு மருந்துபோலவே முக்கியம்.

செய்யக்கூடியவை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனி ஊனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 18 வயதைத் தாண்டியவர்களும் ஊனச் சான்றிதழ் பெறலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. வெடி போடும் இரவுகளில் காதை மூடும் ஹெட்போனும், முன்கூட்டியே சொல்லிவைப்பதும் உதவும். வாயால் சொல்ல முடியாதவரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

சோர்வு அதிகமானாலோ, சாகவேண்டும் என்று பேசினாலோ தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.